முதல் தரம் கேட்கும்போதே

முதலில் ஒரு மன்னிப்பு. பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியவள் நான். பல்கலைக்கழகப் பிள்ளைகள் வெளிநாடு போய் ஒரு செமஸ்டர் படித்துவிட்டு வருவதைப் பற்றி எழுத எனக்கென்ன தகுதி? ஒன்றுமில்லை. ஆனாலும் வாராவாரம் என் குசினிக் கதைகளையே பொறுமையாகப் படிக்கிறவர்கள் நீங்கள்... இதையும் பொறுத்துக்கொள்வீர்கள் என்ற துணிச்சல்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் மகள் தர்சினியும் நோர்பரியில் பூமணி அக்கா வீட்டுக்குப் போயிருந்தோம். தர்சினி பின்லாந்தில் தன் செமஸ்டரை முடித்து வந்த பிறகு நாங்கள் போன முதல் வீடு அது.

எனக்கு மனம் அங்கே இல்லை. நான் மிச்சம் என்ற ஊரில் ஒரு சான்ட்விச் பக்டரியில் வேலை செய்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். போன வருடம் சூப்பர்வைசர் இடம் காலியானபோது மனேஜர் லிண்டா என்னைத்தான் முதலில் கேட்டார். "ஐயோ, எனக்கு வேண்டாம்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய்ப் பவுலினைக் கேட்டார். பவுலின் நல்ல மனுசி, குறை சொல்ல ஒன்றுமில்லை. இப்போது அவர் வேறு ஊருக்குப் போகிறார். திங்கட்கிழமை லிண்டா மறுபடி என்னைக் கூப்பிடுவார் என்று பவுலினே என் காதில் போட்டுவிட்டார்.

எனக்கு அந்த வேலை வேண்டும். போன வருடமும் வேண்டித்தான் இருந்தது. இதைத் தர்சினிக்கு அடுத்தபடியாக உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

"தேத்தண்ணி போடட்டே?" என்று பூமணி அக்கா கேட்டார்.

"வேண்டாம் அக்கா. இப்பதான் குடிச்சிட்டு வாறம்" என்றேன்.

பொய். பஸ் ஏறியதிலிருந்தே நாக்கு வறண்டு கிடந்தது. ஆனால் எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியாதா? முதல் தரம் 'வேண்டாம்' என்று சொல்ல வேண்டும். இரண்டாம் தரம் 'உங்களுக்கு ஏன் கரைச்சல்' என்று சொல்ல வேண்டும். அதன்பிறகு அவர்கள் கேட்காமலே கொண்டுவந்து வைப்பார்கள். நாமும் வேறு வழியில்லாதவர்கள் போலக் குடித்து முடிப்போம்.

"எனக்கு வேணும் அன்ரி" என்றாள் தர்சினி. "நல்லாப் பால் விட்டு. பசிக்குது, சாப்பிட ஏதும் இருந்தாலும் தாங்கோ."

பூமணி அக்கா என்னைப் பார்த்தார். நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன்.

"பிள்ளையை அங்க பட்டினி போட்டவங்களோ?" என்று கேட்டுக்கொண்டே அக்கா உள்ளே போனார். ரோல்ஸ் வந்தது. வடை வந்தது. என் மானம் போனது.

திரும்பி வரும் பஸ்ஸில் தர்சினியைப் பிடித்துக்கொண்டேன். "உனக்கு என்ன பிள்ளை நடந்தது? வெக்கமில்லாமல் வாய் விட்டுக் கேக்கிறாய்?"

"அன்ரி சொன்னதுதான் அம்மா நடந்தது. பட்டினி."

போகும்போது அவள் எப்படிப் போனாள் என்று சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். அச்சு அசல் என்னைப்போல. வகுப்பில் கடைசி வரிசை. சப்பாத்துக் கடையில் போட்டுப் பார்க்கிற சோடி காலைக் கடித்தாலும் "ஓகே" என்று சொல்லி வாங்கிக்கொண்டு வருகிறவள். அங்கே மர்யா என்ற பெண்மணியின் வீட்டில் அறை கிடைத்தது. அளந்து பேசுகிற மனுசியாம்.

"முதல் நாள் மீன் சூப் அம்மா. வேணுமோ எண்டு கேட்டா. நோ தாங்க்ஸ் எண்டன். மூடியைப் போட்டு மூடிட்டா."

"பிறகு?"

"பிறகென்ன... ரெண்டாம் தரம் கேப்பா எண்டு பாத்துக்கொண்டு இருந்தன். அவ கோப்பை கழுவத் தொடங்கிட்டா."

அடுத்தடுத்த நாட்களும் அதே கேள்வி, அதே பதில், அதே மூடி. நான் கட்டிக் கொடுத்த முறுக்கு டின்தான் பிள்ளையைக் காப்பாற்றியிருக்கிறது. டின் காலியான அன்று அவளே மேசைக்குப் போய், "எனக்குப் பசிக்கிறது, சூப் வேண்டும்" என்றாளாம். மர்யா சட்டியையே தூக்கி முன்னால் வைத்துவிட்டு, ஏன் இவ்வளவு நாளும் வேண்டாம் என்றாய் என்று கேட்டிருக்கிறார். தர்சினி எங்கள் வழக்கத்தை விளக்கினாளாம். மர்யா நன்றாக யோசித்தாராம். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாராம்.

"அப்படியென்றால், உண்மையிலேயே வேண்டாதபோது என்ன சொல்வீர்கள்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. உங்களிடம் பதில் இருக்கிறதா?

அந்தச் சட்டிக்குப் பிறகு பிள்ளை மாறிவிட்டாள். விளங்காததைக் கை தூக்கிக் கேட்டிருக்கிறாள். யார் முதலில் பேசுவது என்று பேராசிரியர் கேட்டபோது எழுந்து நின்றிருக்கிறாள். கடைசி நாள் வகுப்பின் சார்பில் மேடையில் பேசியதும் அவள்தான். போட்டோ வைத்திருக்கிறேன். ஓரத்தில் இல்லை — நடுவில் நிற்கிறாள் என் மகள்.

"நீங்களும் போன வருசம் லிண்டாவை மூடியை மூட விட்டனீங்கள்" என்றாள்.

"ஒரு மரியாதைக்கு இன்னொருக்காக் கேட்டிருக்கலாம்தானே அவ?"

"மரியாதைக்குத்தான் அம்மா கேக்கேல்லை. நீங்கள் சொன்னதை நம்பினவ."

சொன்னதைச் சொன்னபடி நம்புவதும் ஒரு மரியாதைதானோ? இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்தும் எனக்கு இது தோன்றவே இல்லையே...

வீட்டுக்கு வந்ததும் ஒத்திகை. தர்சினி சோற்றுச் சட்டியோடு நின்றாள்.

"சோறு போடட்டே?"

"நீ முதல் சாப்பிடு பிள்ளை. எனக்குப் பசிக்கேல்லை."

டக்கென்று மூடினாள். சட்டியைத் தூக்கிக்கொண்டு பிரிட்ஜ் பக்கம் நடந்தாள். கத்தரிக்காய்க் குழம்பும் கூடவே போனது.

"எடி, விளையாடாத."

"லிண்டா விளையாட மாட்டா."

"சரி... கொஞ்சம் போடன்."

"என்ன? கேக்கேல்லை."

"ஓம். எனக்குச் சோறு வேணும். கத்தரிக்காயும் வேணும்."

போட்டாள். இந்த நாட்டுக்கு வந்த பிறகு, 'எனக்கு வேணும்' என்று என் வாயால் கேட்டுச் சாப்பிட்ட முதல் சோறு அதுதான். ருசிக்கு ஒரு குறையுமில்லை.

பிள்ளைகளைத் தனியே தூர தேசம் அனுப்பப் பயப்படுகிற பெற்றோர் உங்களில் பலர் இருப்பீர்கள். நானும் விமான நிலையத்தில் அழுதவள்தான். அனுப்புங்கள். அவர்கள் அங்கே படிப்பதில் பாதி, திரும்பி வந்து நமக்கும் பயன்படுகிறது. முறுக்கு மட்டும் கொஞ்சம் குறைவாகக் கட்டிக் கொடுங்கள்.

மறுநாள் திங்கட்கிழமை காலை, தேநீர் இடைவேளைக்கு முன்பே லிண்டா கூப்பிட்டுக் கேட்டார். யெஸ் என்றேன். அவர் இரண்டாம் தரம் கேட்கவில்லை.