கோகிலவாணியும் பின்னால் வந்த வண்டியும்

மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் கோகிலவாணியிடம் வாய் கொடுத்துவிட்டு முழுசாக வீடு திரும்பியவர்கள் குறைவு. செம்பூரில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். வழியை மறித்து எவனாவது காரை நிறுத்தியிருந்தால் ஹார்ன் அடிக்கமாட்டாள். கண்ணாடியை இறக்கி, பாதி இந்தியிலும் பாதி திருநெல்வேலித் தமிழிலும் ஆரம்பிப்பாள். கார்க்காரன் சட்டை மாட்டாமல் ஓடிவருவான். வேனுக்குள் இருக்கும் பிள்ளைகள் கைதட்டும். அவளும் கொஞ்சம் கூடுதலாகவே திட்டுவாள்.

அந்த ரோஷம் குடும்பச் சொத்து. தம்பி மாரிக்கண்ணனுக்கும் அதில் சரிபாதி பங்கு வந்திருந்தது. ரோட்டில் நின்றுபோன கார்களைக் கட்டி இழுக்கும் டோயிங் வண்டிக்காரன் அவன். அக்கா வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் நடுவே இரண்டே சந்து. நாலு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

எல்லாம் அவள் மகள் ஷாலினியின் கல்யாணத்தில் வந்த வினை. தாய்மாமனை அழைக்கக் கோகிலவாணி நேரில் போகவில்லை. வேனை யார் ஓட்டுவது என்று புருஷன் திருவேங்கடத்திடம் வெற்றிலைத் தட்டைக் கொடுத்தனுப்பினாள். "கூடப் பொறந்தவளுக்கு வர வழி தெரியலையோ?" என்று கேட்டு, தட்டைத் தொடாமலே திருப்பி அனுப்பிவிட்டான் மாரிக்கண்ணன். கல்யாணத்துக்கும் வரவில்லை. கிங்ஸ் சர்க்கிள் பக்கத்து மண்டபத்தில் தாய்மாமன் மாலை போடவேண்டிய நேரத்தில், சான்பாடாவிலிருந்து வந்திருந்த சித்தப்பா மகன் ஆறுமுகநயினாரைப் பிடித்து நிறுத்த வேண்டியதாயிற்று. சபையே பார்த்தது. அவள் அதை மன்னிக்கவில்லை. தன் இடத்தில் இன்னொருத்தனை நிறுத்திவிட்டாள் என்று அவனும் மன்னிக்கவில்லை.

இந்த இரண்டு பேரையும் பாலைவனத்தில் கொண்டுபோய் ஒரே வரிசையில் விட்டது கரீம் பாட்சா. லேபர் கேம்ப்பில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர், பழைய ஜீப்புகளைப் பிரித்து மேய்ந்து புதுசாகக் கட்டுவதில் பித்துப் பிடித்தவர். அவரும் அவரிடம் ஜீப் கட்டிக்கொண்டவர்களுமாக வருஷா வருஷம் குளிர்காலத்தில் ராஜஸ்தானுக்குக் கிளம்பிவிடுவார்கள். ஜெய்சல்மரைத் தாண்டி, ரோடே இல்லாத மணலில் மேடு ஏறி மேடு இறங்கி இரண்டு நாள் ஓட்டினால்தான் அவர்களுக்கு அந்த வருஷம் ஜீரணமாகும். இந்தத் தடவை ஒவ்வொருத்தராகக் கழன்றுகொள்ள, மிஞ்சியது மூன்று ஜீப்: பாட்சாவுடையது ஒன்று, அக்காவுடையது ஒன்று, தம்பியுடையது ஒன்று. அவன் வருகிறான் என்பதற்காக நான் ஏன் நிற்கவேண்டும் என்று அவள் வந்தாள். அவன் வந்த காரணமும் அதேதான்.

வழி தெரிந்த பாட்சா முதலில். எஞ்சின் பலமில்லாத கோகிலவாணியின் ஜீப் நடுவில். மாட்டிக்கொள்கிறவர்களை இழுத்துவிட வேண்டியவன் என்பதால் மாரிக்கண்ணன் கடைசியில். மணலில் ஒரு விதிதான் பெரிய விதி. முன்னால் போகிறவர் பின்னால் வருகிறவரைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போகவேண்டும், காணோம் என்றால் நிற்கவேண்டும். கோகிலவாணி முதல் மேடு ஏறுவதற்கு முன்பே கண்ணாடியை வானத்தைப் பார்க்கத் திருப்பிவிட்டாள். அந்த மூஞ்சியை நாள் பூராவும் யார் பார்ப்பது?

ஆளுக்கொரு கை ரேடியோ. ஒருவர் பேசினால் மற்ற இருவருக்கும் கேட்கும். இதில் எப்படிப் பேசாமலிருப்பது? வழி கண்டுபிடித்துவிட்டார்கள். மாரிக்கண்ணன்தான் ஆரம்பித்தான்.

"பாய், முன்னால போறவங்கள மண்ணைக் கெளப்பாம ஓட்டச் சொல்லுங்க. ஸ்கூல் வேன் இல்ல இது."

"பாட்சா பாய், பின்னால வாரவருக்குத் தூசி ஆகாதுன்னா வீட்லயே இருந்திருக்கலாம்னு சொல்லுங்க. வராம இருக்கதுதான் அவருக்குப் பழக்கமாச்சே."

"அல்லாவே," என்பார் பாட்சா. பிறகு கடமையாக இரண்டையும் திருப்பிச் சொல்வார். அவர் வாயால் சொன்னால்தான் கணக்கு. அதுவரை காதில் விழுந்தது எதுவும் விழுந்ததாக ஆகாது. இது யாரும் உட்கார்ந்து எழுதிய சட்டமில்லை. ஆனால் கோர்ட்டுச் சட்டத்தைவிடக் கண்டிப்பாக இருவரும் அதைக் காத்தார்கள். சாப்பாட்டுக்கு நிறுத்தியபோது அவள் கொண்டுவந்த புளியோதரையைப் பாட்சா மாரிக்கண்ணனிடம் நீட்டினார். "யார் செஞ்சது பாய்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அவன் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தான். கோகிலவாணி மிச்சத்தை மணலில் கொட்டிவிட்டு ஜீப்பில் ஏறினாள்.

அதற்கப்புறம் வந்தது பெரிய மேடு. பாட்சா ஏறி, இறங்கி, அவள் பின்னாலேயே வருகிறாள் என்ற தைரியத்தில் அடுத்த மேட்டுக்கும் அப்பால் போய்விட்டார். கோகிலவாணி இரண்டாவதாக ஏறினாள். உச்சியில் ஜீப்பின் மூக்கு தூக்கியபோதுதான் இடது பக்கம் மணல் செங்குத்தாக அறுந்து விழுந்திருப்பது தெரிந்தது. ஸ்டீயரிங்கை வலப்பக்கம் ஒடித்துத் தப்பினாள். கீழே இறங்கியதும் ரேடியோவை எடுத்தாள். எத்தனை கோபம் இருந்தாலும் அதைச் சொல்லாமலிருக்க அவளுக்கு மனசு வரவில்லை.

"பாய், பின்னால வாரவர வலது பக்கமா ஏறச் சொல்லுங்க. இடது பக்கம் பள்ளம்."

பாட்சாவிடமிருந்து பதில் இல்லை. இரண்டு மேடு தாண்டினால் அந்த ரேடியோ எட்டாது. மாரிக்கண்ணனுக்கு நன்றாகவே கேட்டிருக்கும். ஆனால் பாட்சா திருப்பிச் சொல்லவில்லையே! எவளோ சொல்லி நான் வண்டி ஓட்டுவதா என்று நினைத்தானோ என்னவோ, மேட்டுக்கு அந்தப் பக்கம் அவன் எஞ்சின் உறுமியது. இடது பக்கமாகவே உறுமியது. பிறகு அது நின்றுபோயிற்று.

"பாய், வண்டி கவுந்துட்டு. கேக்கா பாய்?"

கோகிலவாணி பிரேக்கை மிதித்தாள். கவிழ்ந்திருக்கிறான். சரி, கவிழ்ந்தவன் பேசுகிறான், உயிருக்கு ஒன்றுமில்லை. பாட்சா பதில் சொல்லட்டும்.

"பாய், காலு அடியில மாட்டியிருக்கு. பாட்சா பாய்!"

பாட்சாவுக்குக் கேட்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். தன்னைத் தவிர அதைக் கேட்க அந்த மணலில் வேறு காது கிடையாது என்பதும் தெரியும். ரேடியோவை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். அக்கா என்று ஒரு தடவை கூப்பிடட்டும். ஒரே ஒரு தடவை. வண்டியைத் திருப்பிவிடுகிறேன்.

"பாய்... முன்னால போறவங்களயாவது நிக்கச் சொல்லுங்க..."

அவளுக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்தது என்று அவளுக்கே தெரியாது. சாகக் கிடந்தாலும் நான் இவனுக்கு முன்னால் போகிறவள்தானா? மண்டபத்தில் மாலையோடு நின்ற மகளின் முகம் கண்முன் வந்தது. "கெடல அங்கயே," என்று சொல்லிவிட்டு, ரேடியோவைப் பக்கத்து சீட்டில் எறிந்து, பாட்சாவைத் தேடிப் போனாள். பாட்சாவிடம் சொல்லத்தானே போகிறேன், அவனும் பாட்சாவைத்தானே கூப்பிட்டான் என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ரேடியோவில் அப்புறம் சத்தம் எதுவும் வரவில்லை.

பாட்சாவைப் பிடிக்க வெகுதூரம் போகவேண்டியிருந்தது. விஷயத்தைக் கேட்டதும் அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். "நீ பக்கத்துல இருந்துட்டு இங்க வந்தியா?" என்றார். அவள் வண்டியைத் திருப்பினாள்.

திரும்பி வந்தபோது ஜீப் பக்கவாட்டில் கிடந்தது. நிற்காமல் சரிந்த மணலில் அது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருந்தது. முதலில் கணுக்கால் அளவில் பிடித்திருந்த ஜீப்பின் கூரைக் கம்பி முழங்கால்வரை ஏறி அழுத்தியிருந்தது. மாரிக்கண்ணன் கண் திறந்தபடி கிடந்தான். வாய் நிறைய மணல். ஜீப்பில் கயிறு கட்டி நிமிர்த்தி, அவனை வெளியே எடுத்தார்கள். அப்போதும் அவன் அவள் பக்கம் பார்க்கவில்லை.

ஜெய்சல்மர் ஆஸ்பத்திரியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். காலிலிருந்து பாரத்தைச் சீக்கிரம் எடுத்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் இந்தியில் சொன்னபோது, பாட்சா அதை யாருக்கும் திருப்பிச் சொல்லவில்லை. கோகிலவாணிக்கு இந்தி தெரியும். டோயிங் வண்டிக்காரனுக்கு வலது கால் என்றால் என்னவென்றும் தெரியும். ஆக்ஸிலரேட்டரும் அதுதான், பிரேக்கும் அதுதான், சோறும் அதுதான்.

மறுநாள் அவன் கட்டிலருகே போய் நின்றாள். எதிர்ப்பக்கம் பாட்சா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நாலு வருஷத்துக்கப்புறம் அவளே வாயைத் திறந்தாள்.

"லே மாரி, எனக்குக் கேட்டுச்சு. மொதத் தடவையே கேட்டுச்சு."

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்கு அழுகை வரும்போதெல்லாம் கூடவே கோபமும் வந்துவிடும். அன்றைக்கும் வந்தது.

"பாய் பாய்னு அத்தன தடவ கூப்பிட்டியே, அக்கான்னு ஒரு வார்த்த வரலியா ஒனக்கு? ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஓடி வந்திருக்கமாட்டனால?"

மாரிக்கண்ணன் மெதுவாகத் தலையைத் திருப்பினான். அவளைத் தாண்டி, பாட்சாவைப் பார்த்தான்.

"பாய், அவங்ககிட்ட சொல்லுங்க. கூப்பிட்டேன்னு சொல்லுங்க. வண்டி ரெண்டாந்தடவ சரிஞ்சப்ப ரேடியோ கையவிட்டுத் தெறிச்சிப் போயிட்டு. அப்புறம் நீங்க வாரது வரைக்கும் அக்கா, அக்கான்னுதான் கத்திக்கிட்டுக் கெடந்தேன்."

பாட்சா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். அவர் சொல்லட்டும் என்று மாரிக்கண்ணன் காத்திருந்தான்.