குழலுக்குள் தெரிந்த சிவப்பு

பேய், முனி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். கோவில்பட்டியில் லைசென்ஸ் வாங்கித் துப்பாக்கிக் கடை வைத்திருந்தவன், இரும்பையும் மரத்தையும் தவிர வேறெதையும் நம்பியதில்லை. அதனால் இதை நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை, வேறொருவர் சொல்லியிருந்தால் நானும் சிரித்துவிட்டுத்தான் போயிருப்பேன்.

எழுபதுகளின் கடைசி. கரண்ட் மோட்டார் வந்து கிணறுகளெல்லாம் அடிமட்டத்துக்கு இறங்கிக்கொண்டிருந்த காலம். எட்டயபுரம் பக்கத்தில் நிலபுலன் உள்ள பெரிய சம்சாரி ஒருவர், என் பழைய வாடிக்கையாளர், மாரடைப்பில் போய்விட்டார். துப்பாக்கிக்காரர் இறந்தால் வாரிசு பெயருக்கு லைசென்ஸ் மாறும்வரை அதை ஸ்டேஷனிலோ எங்களைப் போன்ற கடையிலோ ஒப்படைத்துவிட வேண்டும். பன்றி விரட்ட அவர் வைத்திருந்த சீமை ரைபிள் அப்படித்தான் என் இரும்புப் பெட்டிக்குள் வந்தது.

சில மாதம் கழித்து ஒரு மொட்டை வெயிலில் அவர் மனைவியும் மகனும் வந்தார்கள். ரைபிள் எந்தக் காலத்தது, என்ன பெறும், சுடுவதற்கு லாயக்கா என்று என்னிடம் கேட்டுக்கொண்டு தன் பெயருக்கு மாற்றுவதாக மகனுடைய எண்ணம். அவன் எதிர்க்கடைக்குக் குடிக்கக் கலர் வாங்கப் போனான். அந்த நேரம் பார்த்து அந்தம்மா பெஞ்சில் உட்கார்ந்தபடியே பேசினார். குரலில் ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை.

“அண்ணாச்சி, பங்குக் கிணத்துல தண்ணி முறைத் தகராறு. இவன் சித்தப்பனைச் சுட்டுப்போடுவேன்னு சொல்லிக்கிட்டுத் திரியுதான். இது சுடுறதுக்கு ஆகாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க.”

“இருக்கதைத்தான் சொல்லுவேன் தாயி. இதுல பொய் சொன்னா எவனாவது சாவான்,” என்றேன். தொழில் திமிர், வேறென்ன. அந்தம்மா கெஞ்சவில்லை, தலையை மட்டும் ஆட்டிக்கொண்டார். புருஷன் போனதிலிருந்தே இப்படித்தான் இருக்கிறார் போல.

துப்பாக்கிக்கு வயது பார்ப்பது மாட்டுக்குப் பல் பார்ப்பது மாதிரிதான். முதலில் முத்திரை. குழலின் அடியில் கிரீடமும் எழுத்துமாக இருந்தது, புகையில்லா வெடிமருந்துக்குச் சோதித்தது என்றும் அடித்திருந்தது, ஆகவே முதல் உலக யுத்தத்தை ஒட்டிய சரக்கு. அடுத்து திருகாணிகள். தலைப் பள்ளங்கள் சிதையவில்லை, கண்டவன் கை வைக்கவில்லை என்று அர்த்தம். பிடிக்கட்டை எண்ணெய் குடித்துக் கறுத்திருந்தது. நல்ல விலை போகும் என்று நினைத்துக்கொண்டே கடைசியாகக் குழலைப் பார்த்தேன். குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட்டைக் கழற்றிவிட்டு, வெளிச்சமான சுவருக்கு நேரே நீட்டி, பின்பக்கமாக உள்ளே பார்க்க வேண்டும். நல்ல குழலென்றால் மறுமுனையில் வெள்ளை வட்டம் தெரியும்.

எனக்குத் தெரிந்தது சிவப்பு வட்டம்.

டார்ச் லைட்டின் மேல் விரலை வைத்து அழுத்தினால் சதை சிவந்து தெரியுமே, அந்தச் சிவப்பு. கண்ணை எடுத்துக் குழல்முனையைப் பார்த்தேன். ஒன்றுமில்லை, வெயிலும் எதிர்வீட்டு வெள்ளைச் சுவரும்தான். கம்பியில் துணி சுற்றி உள்ளே விட்டேன், தடையே இல்லாமல் மறுமுனைக்கு வந்தது. திரும்பப் பார்த்தால் அதே சிவப்பு, இந்தத் தடவை ரேகைகூடத் தெரிந்தது. நம்பினால் நம்புங்கள், பயமே வரவில்லை. உடம்பும் மனசும் மரத்துப்போய்ச் சும்மா பார்த்துக்கொண்டே நின்றேன்.

மகன் வந்து ரைபிளை வாங்கிப் பார்த்தான். “கண்ணாடி கணக்கா இருக்கு அண்ணாச்சி, இதுல என்னத்த இவ்வளவு நேரமா பாக்கீங்க?”

“இங்கன குடுலே,” என்று அந்தம்மா வாங்கினார். நெடுநேரம் பார்த்தார். “அவிய விரலு,” என்று மட்டும் சொன்னார், புருஷனைத்தான் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. வெயிலில் வந்த மயக்கம் என்று மகன் நினைத்துக்கொண்டு கலரை நீட்டினான்.

“குழல் எனக்குத் தெளிவாத் தெரியல தம்பி. நான் விலை சொல்ல மாட்டேன். இதைச் சுடவும் செய்யாதீங்க,” என்றேன். சித்தப்பா உங்களையும் கைக்குள் போட்டுக்கொண்டாரா என்று சத்தம் போட்டுவிட்டுப் போனான். பிறகு எழுதிக் கொடுத்து ரைபிளை மதுரையில் ஒரு கடைக்கு மாற்றிக்கொண்டான். அங்கே முதல் தரம் என்றார்களாம். லைசென்ஸும் வந்துவிட்டது.

மழை தொடங்குவதற்குள் அது நடந்தது. கிணற்றடியில் வாய்ச்சண்டை முற்றி, சித்தப்பாவின் நெஞ்சுக்கு நேராகப் பிடித்துச் சுட்டேவிட்டான். குழலின் நுனி கிழிந்து விரிந்துவிட்டது. சித்தப்பா மேல் ஒரு கீறல் இல்லை. இரும்பு சிதறி இவனுடைய இடது கைதான் கிழிந்தது, உயிருக்கு ஆபத்தில்லை.

அந்த ரைபிளை அபிப்பிராயம் கேட்டுப் போலீசார் என்னிடமே கொண்டுவந்தார்கள். நுனி அப்படிக் கிழிய வேண்டுமானால் சுடும்போது முனை அடைபட்டிருக்க வேண்டும், மண்ணோ துணியோ ஏதோ ஒன்று. பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன், ஒரு பொட்டு மண் இல்லை, ஒரு நூலிழை இல்லை. “எதுய்யா அடைச்சுது?” என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். தெரியவில்லை என்றேன்.

மகனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் அந்தம்மா கடைக்கு வந்தார். அதே பெஞ்சு, அதே குரல்.

“எம் புள்ள கொலைகாரன் ஆகல, அது போதும். ஒண்ணுதான் கேக்கணும் அண்ணாச்சி. அம்புட்டு இரும்பே கிழிஞ்சு போச்சே, அவிய விரலுக்கு ஒண்ணும் ஆயிருக்காதுல்லா?”

“ஒண்ணும் ஆயிருக்காது தாயி,” என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்.

இன்று வரைக்கும் என்னை உறுத்துவது அந்தக் கேள்வி இல்லை. அதைக் கேட்டதும் எனக்கு அது விசித்திரமாகவே படவில்லை. கிழிசல் எந்தப் பக்கம் விரிந்திருந்தது, விரல் எங்கே இருந்திருக்கும், எவ்வளவு வேகத்தில் பட்டிருக்கும் என்று நான் நிஜமாகவே மனசுக்குள் கணக்குப் போட்டேன். கணக்குப்படி அந்த விரல் மிஞ்சியிருக்க வழியில்லை. அதை நான் அந்தம்மாவிடம் சொல்லவில்லை.