பலாபத்வலயில் ஓர் ஆமிக்காரர் கேட்ட பாட்டு

பழைய ராக் இசைக் கேசட்டுகளை இப்போது ஒவ்வொன்றாகத் திரும்பக் கேட்டு வருகிறேன். ஒன்றைப் போட்டால் மட்டும் மனம் உறுத்தும்.

சண்டைக் காலத்தில் ஒருநாள் தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பலாபத்வல சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையில் என் தமிழ்ப் பெயரைப் பார்த்த இளம் ஆமிக்காரர் என்னைத் தனியே நிறுத்தினார். பையில் வாக்மேன் இருந்தது. உள்ளிருந்த கேசட்டில் நான் தமிழில் ஏதோ எழுதியிருந்தேன்.

"இது என்ன, இயக்கத்துப் பேச்சா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"இங்கிலீஷ் பாட்டு, சேர்."

காதில் மாட்டிக் கேட்டார். பாட்டு முடியும்வரை அவர் அசையவில்லை.

"எங்க அண்ணன் இத கிட்டார்ல வாசிப்பாரு. வடக்குக்குச் சண்டைக்குப் போனவரு திரும்பி வரல. இத எனக்குத் தருவீங்களா?"

பயம் விலகியதும், என்னை மட்டும் தனியே நிறுத்தியதற்காக எனக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னோடது இல்லீங்க, கூட்டாளியோடது" என்று பொய் சொன்னேன்.

கேசட்டை உள்ளே வைத்து, பையை என்னிடமே கொடுத்தார். "பரவாயில்ல, போங்க. பஸ் நிக்குது."

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். "குடுத்திருக்கலாமேங்க" என்றாள்.

மறுவாரம் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு போனேன். சாவடியில் வேறு ஆட்கள் நின்றார்கள். அவர் பெயரைக்கூட நான் கேட்டிருக்கவில்லை.

அந்தப் பாட்டு வீடு திரும்பாத ஒருவனைப் பற்றியது. தாளத்துக்காக மட்டுமே கேட்டுவந்த நான், அதன் பிறகுதான் வரிகளைக் கவனித்தேன். அவர் நினைத்திருந்தால் கேசட்டைப் பறித்திருக்கலாம். அண்ணனை இழந்த ஒரு தம்பி என்னிடம் கேட்டார், நான் இல்லை என்றேன்.