பற்றாத துணி

இந்த மார்கழியில் காலை எட்டு மணி வரைக்கும் பனி விலகுவதில்லை. அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகளுக்கு அடிப்பாகம் மட்டும் தெரியும்; தலையை யாரோ எடுத்துப் போய்விட்டதைப் போல நிற்கும்.

அந்தப் பனிக்குள்தான் என் தம்பி வேலைக்குப் போகிறான். பழுப்பு நிலக்கரிக் குவியலில் காண்ட்ராக்ட் வேலை. எங்கள் ஊர்க் கரிக்கு யாரும் தீ வைக்க வேண்டியதில்லை. வெட்டிக் குவித்துக் காற்றுப் பட்டால் போதும், உள்ளுக்குள் தானே சூடேறும், புகையும். புகை எங்கே கிளம்புகிறதென்று பார்த்துப் பார்த்துத் தண்ணீர் அடிப்பது அவன் வேலை. காற்று திரும்பினால் பொறி பறக்கும். விடியற்காலையில் காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்கும் தெரியாது.

அவனுக்குக் குளிர் காதில் ஏறும், சின்ன வயதிலிருந்தே. வடக்கே போனபோது நான் வாங்கி வந்த சாம்பல்நிற மஃப்ளரைத்தான் பல வருஷமாகக் காதை மூடிச் சுற்றி, அதன் மேல் ஹெல்மெட் போட்டுக்கொண்டிருந்தான். சுத்தமான ஆட்டுக் கம்பளி. அதை மாற்றியது நான்.

கம்பளியைப் பற்றி எழுதலாம் என்று படித்துக்கொண்டிருந்தேன். ஒரு மஃப்ளர் நம் கழுத்துக்கு வந்து சேருமுன், பூமியைச் சூடாக்கும் கரியைக் காற்றில் எவ்வளவு விட்டுவிட்டு வருகிறது என்று. ஆடு அசைபோட்டு விடும் ஏப்பத்தில் அது ஆரம்பிக்கிறது. பிறகு ரோமத்தின் கொழுப்பைக் கழுவும் வெந்நீர், சாயம், கப்பல். படிக்கப் படிக்க என் கழுத்தே கனத்தது. தலையில்லாத புகைபோக்கிகளுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, எங்கோ மேயும் ஆட்டின் ஏப்பத்துக்காகக் கூசினேன்.

அந்த வாரம் கடைவீதியில் வடநாட்டு வியாபாரி ஒருவர் குரங்குக் குல்லாய்களைக் குவித்து வைத்திருந்தார். ஆட்டு ரோமமா என்று கேட்டேன்.

"ஆடு எல்லாம் இல்ல மேடம். சுத்த சைவ உல்லன்!"

சிரித்துவிட்டேன். ஆடு இல்லையென்றால் பாரமும் இல்லை என்று நினைத்தேன். அரக்கு நிறத்தில் ஒன்று வாங்கித் தம்பிக்குக் கொடுத்தேன். பெட்ரோலியத்திலிருந்து இழுத்த நூல் அது என்று பிறகுதான் படித்தேன். படித்தும் சும்மா இருந்தேன்.

முத்தாண்டிக்குப்பம் சாலையில் இருக்கிறது தம்பி வீடு. போன வாரம் ஒரு காலை அங்கே போனேன். அவன் ஆறு மணி ஷிப்டுக்குப் போயிருந்தான். தம்பி மனைவி இட்லிப் பானையைக் கரித்துணியால் பிடித்து இறக்கினாள்.

"அண்ணி, இந்தத் துணி ஒரு அதிசயங்க. மத்த கரித்துணில்லாம் ரெண்டே நாள்ல ஓரம் பத்திக்கும். இது அடுப்பு மேலயே கெடக்குது, பத்தவே மாட்டேங்குது."

பார்த்தேன். சாம்பல் நிறம். மஃப்ளரை இரண்டாக வெட்டி வைத்திருந்தாள்.

ஓரத்தில் ஒரு நூலைப் பிடுங்கி அடுப்பில் காட்டினேன். முடி பொசுங்குகிற நாற்றம் வந்தது. நூல் சுருண்டு, வெளியே இழுத்ததும் தானே அணைந்தது. விரலில் தேய்த்தால் தூள்.

"அந்தக் குல்லா எங்க?"

"போட்டுக்கினு போயிட்டாரே. குஞ்சம்தான் இருக்குது. ஹெல்மெட்டு ஒக்காரலன்னு வெட்டிப் போட்டேன்."

குஞ்சத்தை இடுக்கியில் பிடித்துக் காட்டினேன். குப்பென்று பிடித்தது. கறுப்புப் புகை. எரிந்துகொண்டே உருகி, மேடை மேல் ஒரு சொட்டு விழுந்தது. விழுந்த இடத்தில் கல்லாக ஒட்டிக்கொண்டது. நகத்தால் சுரண்டினேன், வரவில்லை.

அவள் அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் குல்லாலயும் இதே மாதிரி இருந்துச்சிங்க. காதுப் பக்கம். கரி ஒட்டிக்கினு இருக்குதுன்னு நெனச்சி சுரண்டினேன்."

வேலை நேரத்தில் அங்கே எல்லோரும் போனை வாசல் பெட்டியில் போட்டுவிட வேண்டும். அடித்துப் பார்த்தோம். யாரும் எடுக்கவில்லை. வாசலில் நின்றால் யூகலிப்டஸ் மரங்களுக்கு மேலே ஒரு புகை தெரிந்தது. தினமும் தெரிகிற புகைதான். அன்றைக்கு அது புதிதாக இருந்தது.

அவள் இரண்டு துண்டுகளையும் சோப்புப் போட்டு அலசி, வெயிலில் காயவைத்து, ஊசி நூலோடு உட்கார்ந்தாள்.

"அம்மாம் பெரிய சிம்னிய வுட்டுட்டு, இந்த மஃப்ளரப் போயி புடிச்சிக்கினீங்களே அண்ணி."

வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது குரல் வேறாக இருந்தது.

இரண்டரை மணிக்குத் தம்பியின் வண்டிச் சத்தம் கேட்டது.

"இன்னா, ரெண்டு பேரும் எழவு வூட்ல மாதிரி ஒக்காந்துகினு இருக்கீங்க?"

நான் குல்லாயை அவன் தலையிலிருந்து பிடுங்கினேன். காது மேல் மூன்று இடத்தில் பொறி விழுந்து, ஓட்டையைச் சுற்றிக் கண்ணாடி போல இறுகியிருந்தது. மேடையில் ஒட்டியிருந்த சொட்டைக் காட்டினேன். நடந்ததைச் சொன்னேன்.

"மஃப்ளர்ல பொறி உழுந்தா தட்டி வுட்டுருவேன். அவ்ளோதான்" என்றான். ஓட்டைகளைத் தடவிப் பார்த்தான். "செரி, இனிமே இத போடல. அதக் குடு."

ஒட்டுப்போட்ட மஃப்ளரைக் கழுத்தில் போட்டுக்கொண்டவன் சட்டென்று நின்றான்.

"யக்கா. கேங்குல அத்தன பேரும் இதான் போட்டுக்கினு இருக்கானுவ."

"எது?"

"இந்தக் குல்லாதான். எங்கக்கா படிச்சிப் பாத்து வாங்கினதுன்னு நாந்தான் சொன்னேன். அந்த ஆளு மூட்டையே காலி."

மறுநாள் ஆறு மணிக்கு முன்னால் ஷிப்டுக்குப் போகிற வழியில் நின்றேன். பனிக்குள்ளிருந்து வண்டிகள் ஒவ்வொன்றாக வந்தன. ஹெல்மெட்டுக்குக் கீழே அரக்கு, அரக்கு, அரக்கு. நடுவில் ஒரே ஒரு சாம்பல். தம்பி தன் வண்டியை ஓரங்கட்டி, பின்னால் வந்தவரையும் கைகாட்டி நிறுத்தினான். என் வயது இருக்கும் அவருக்கு. அந்தக் குல்லாயைக் கழற்றிவிடுங்கள், பொறி விழுந்தால் தோலோடு ஒட்டிக்கொள்ளும் என்றேன்.

அவர் காது மேல் கை வைத்துப் பார்த்துக்கொண்டார்.

"கழட்டிடறேங்க. அப்ப இந்தக் குளுருக்கு நாங்க வேற எத போட்டுக்கறது, நீங்களே சொல்லுங்க?"

சங்கு ஊதியது. பதிலுக்கு நிற்க அவருக்கு நேரமில்லை. குல்லாயைக் கழற்றவில்லை. வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.