வாரத்தில் மூன்று நாள் ஏசி

கன்னியாகுமரிப் பக்கத்து ஞானையா, ஓமான் நாட்டுச் சோஹாரில் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியின் எலக்ட்ரீஷியன். தொழிலாளர் கேம்ப்பில் முந்நூறு பேர் குளிர்ச்சியாகத் தூங்குவது இருபத்தொரு வருஷமாக அவர் தயவில்தான். மேலதிகாரி பேசும்போது குறுக்கே கேள்வி கேட்கும் வியாதி ஒன்று அவருக்கு உண்டு. அதற்கு மருந்தே இல்லை.

போன ஜூலையில், மேனேஜர் ஹார்வி எல்லாரையும் மெஸ்ஸில் கூட்டிச் சிக்கனம் பற்றிப் பிரசங்கம் செய்தார். அசல் லண்டன்காரர். எழுபத்து நாலில் பன்னிரண்டு வயதுப் பையனாம். வளைகுடாவில் எண்ணெய் விலையை ஏற்றிவிட்டார்கள். அவர் ஊரில் நிலக்கரிச் சுரங்கத்தில் தகராறு. ஆலைகளுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் கரண்ட் என்றது இங்கிலாந்து அரசாங்கம். ஹார்வி மெழுகுவத்தி வெளிச்சத்தில் வீட்டுப்பாடம் எழுதினார். பல்லை இருட்டிலேயே தேய்க்கச் சொன்னார் ஒரு மந்திரி. இதையெல்லாம் சொல்லும்போது ஹார்விக்குக் கண் கலங்கியது. ஆகவே, ஞாயிறு முதல் கேம்ப்பிலும் பகல் ஏசி வாரத்தில் மூன்று நாள்தான். அவருடைய ஆபீசுக்கு இந்தத் தியாகம் பொருந்தாது.

"அது எந்த மாசம் சார்?" என்றார் ஞானையா.

"ஜனவரி."

"இது ஜூலை சார்." அதோடு நிறுத்தியிருக்கலாம். "அந்த கவர்மென்ட் பொறவு என்ன ஆச்சு?"

ஹார்வி தொண்டையைச் செருமினார். "தேர்தல் வைத்தார்கள். தோற்றுவிட்டார்கள்."

மெஸ்ஸே சிரித்தது. ஞானையா மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய ரூமில் இருக்கும் ஜெயசீலன் நைட் டியூட்டியில் கிரேன் ஓட்டுபவன். பகலில்தான் தூங்க முடியும். நாற்பத்தைந்து டிகிரி வெயிலில் தூங்காமல் புரண்டவன், ராத்திரி யார் தலைமேல் இரும்பைத் தூக்குவான்?

ஞாயிறு காலை பேனல் ரூம் சாவியை ஹார்வியிடம் நீட்டினார். "எனக்குக் கை வராது சார். நீங்களே ஆஃப் பண்ணிக்கிடுங்க."

ஹார்வி விறைப்பாக வாங்கிக்கொண்டு போனார். கதவைத் திறந்தால் அறுபது சுவிட்ச். ஒவ்வொன்றின் கீழும் ஞானையா தன் கைப்பட எழுதி ஒட்டிய பெயர், அத்தனையும் தமிழில். ஒன்றை இறக்கினார், அவருடைய ஆபீஸ் ஏசி நின்றது. அவசரமாக ஏற்றிவிட்டு அடுத்ததை இறக்கினார். தண்ணீர் மோட்டார் நின்றது. மூன்றாவதில் கம்பெனியின் கம்ப்யூட்டர் எல்லாம் அணைந்தது.

"படியுங்கள் இதை!" என்று ஞானையாவைக் கூப்பிட்டுக் கத்தினார் ஹார்வி.

"கண்ணாடி ரூம்ல கெடக்கு சார்," என்றார் ஞானையா.

சைட்டுக்குப் போகும் பஸ்ஸுக்காக நின்றவர்களைக் கூப்பிட்டார் ஹார்வி. "நான் இங்கிலீஷ் மீடியம் சார்," என்றான், தினமும் போனில் தமிழ்ப் பேப்பர் படிக்கிற சேதுபதி. ஸ்டிரைக் என்று யாரும் குற்றம் சொல்லிவிட முடியாது. தமிழ் தெரிந்த அத்தனை பேருக்கும் அன்று காலை ஒரே சமயத்தில் எழுத்து மறந்துபோனது, அவ்வளவுதான்.

மஸ்கட் தலைமை ஆபீசிலிருந்து, கம்ப்யூட்டர் ஏன் நின்றது என்று கேட்டு போன் வந்தது. ஹார்வி சாவியை ஞானையாவின் கையில் திணித்து, "கலாஸ்" என்றார். அரபியில் 'முடிந்தது' என்று அர்த்தம்; சிக்கனம் அதோடு முடிந்தது.

பத்தாம் நம்பர் ரூமில், ஜெயசீலன் போர்வையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.