முட்டிக்குள் இருந்த ஜவ்வு

சபையாருக்கு ஸ்தோத்திரம். என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தேன், பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுந்து சாட்சி சொல்ல வெட்கப்பட்டு எழுதித் தருகிறேன். மாலைக் கூட்டத்தில் போதகர் ஐயா வாசிப்பார்.

பேரணாம்பட்டில் தோல் பதனிடும் ஷாப்பில், மாட்டுத்தோலின் உட்புறச் சவ்வைக் கத்தியால் சீவி எறிவது என் வேலை. போன மாசியில் சுண்ணாம்புத் தொட்டி ஓரம் வழுக்கி, வலது முட்டி கல்லில் மோதியது. மறுவாரம் பூசணி போல வீங்கிவிட்டது. யானைக்காலா என்று மேஸ்திரி கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நான் வேட்டியை இழுத்து முட்டியை மூடிக்கொண்டேன்.

மனைவி மாட்டுவண்டியில் வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். டாக்டரம்மா முட்டியை அழுத்திப் பார்த்தார்.

"உள்ள மெல்லிசா ஒரு ஜவ்வு இருக்குப்பா. மூட்டு தேயாம இருக்க அதுதான் எண்ணெய் மாதிரி நீர் விடுது. அடிபட்டதுல ஜாஸ்தியா விட்டிருக்கு. நாளைக்கு ஊசியில எடுத்துப் பாப்போம். தெளிவா வந்தா பயமில்ல. சீழா வந்தா காலைக் காப்பாத்தறது கஷ்டம்."

அன்று ராத்திரி ஆஸ்பத்திரியில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. தினமும் குப்பையென்று சீவி எறிந்த சவ்வே கண்ணில் நின்றது. கால் போனால் எந்த ஷாப்பில் நிற்பேன்? ஜெபிக்கலாம் என்றால் முழங்கால் மடங்கவில்லை. மண்டியிடாத ஜெபத்தை நான் அறியேன். கட்டிலைப் பிடித்து இறங்கினேன், விழுந்தேன். மனைவி தூக்கிப் படுக்கவைத்தாள்.

"இன்னாய்யா, ஆண்டவருக்கு உன் முட்டியா வேணும்? வாய் நல்லாத்தானே இருக்குது?"

வெட்கத்தோடு கண்ணை மூடினேன். "ஆண்டவரே, படுத்துக்கொண்டே கேட்கிறேன். கோபிக்காதேயும்." அதற்குமேல் வார்த்தை வரவில்லை. அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

காலையில் ஊசி ஏறியது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி என் தோளைப் பிடித்துத் திருப்பினாள். ஊசியின் கண்ணாடிக் குழலுக்குள் இளமஞ்சளாய், தெளிந்த நீர். சீழ் ஒரு பொட்டும் இல்லை. அவள்தான் முதலில் அழுதாள்.

காலைக் கட்டையோடு சேர்த்துக் கட்டி, அசையாதே என்றார்கள். அசையாமல் கிடப்பது வலியைவிடக் கஷ்டமாயிருந்தது. ஆனால் வீக்கம் வடிந்தது. இன்றும் சவ்வு சீவும்போதெல்லாம், எனக்குள்ளும் இதை வைத்தீரே என்று ஸ்தோத்திரம் சொல்லுகிறேன்.

படுக்கையில் கிடக்கிறவர்களே, கிடந்தபடியே கேளுங்கள். அவர் குனிந்து கேட்கிறார்.

இன்று காலை ஆராதனையில், அடிபட்ட பின் முதன்முறையாக மண்டியிட்டேன். எல்லாரும் எழுந்த பின்னும் நான் எழவில்லை. வலிக்கிறதோ என்று மனைவி கையைப் பிடித்தாள். வலிக்கவில்லை.

1934-ம் வருஷம் ஆகஸ்டு 19, ஞாயிறு.