என் மனைவி வரைந்த கோடு

நான் செய்த பிழையைப் பிற நோயாளர் செய்யாதிருக்கவே இதனை எழுதுகின்றேன்.

இரத்தப் புற்றுநோய் என் முதுகெலும்பை அரித்தமையால் கதிர்சிகிச்சை பெற்றுவந்தேன். கதிர் பாய வேண்டிய இடத்தை முதுகிற் கோடிட்டுக் காட்டியிருந்தனர். தீபாவளியன்று எண்ணெய் தேய்த்து நீராடியதில் அக்கோடுகள் அழிந்தன. மருத்துவமனையினரின் ஏச்சுக்கு அஞ்சி, மனைவியைக் கொண்டு பேனையால் மீண்டும் வரைவித்தேன்.

“அப்படியே இருக்குங்க. ஒருத்தருக்கும் தெரியாது” என்றாள்.

மறுநாள் மருத்துவமனையிற் சிகிச்சையாளப் பெண் இயந்திரத்தை இயக்காமல் நின்றார்.

“ஐயா, இது நாங்க போட்ட கோடு இல்லீங்களே. யாரு வரைஞ்சாங்க?”

“என் மனைவி.”

“அம்மாவுக்கு நல்ல கைதான். ஆனா ஒரு விரல் தள்ளிப் போயிருக்கு.”

அவர் கவனித்திராவிடின் நலமான உறுப்பிற் கதிர் பாய்ந்திருக்குமே என அப்பொழுதுதான் உணர்ந்தேன். அவர்கள் மீண்டும் அளந்து கோடிட்டனர். சிகிச்சை இனிதே நிறைவுற்றது. சிகிச்சைக்கு முன் படுக்கையிற் கிடந்த நான், சென்ற வாரம் அலுவிகாரையிலிருந்து மாத்தளை நகர்வரை ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் ஊன்றுகோலின்றி நடந்தேன்.

இப்பொழுதெல்லாம் மருந்தொன்றை உண்ண மறந்தாலும் மறைக்காமல் மருத்துவரிடம் கூறிவிடுகின்றேன். என் விளக்கத்திற் பிழையிருப்பின் அறிந்தோர் திருத்தியுதவுக.